இருட்டில் விழுந்த மடிப்பு

ஆய்வகத்தில் அவனுக்கு இருட்டண்ணன் என்று பெயர். அவனாகச் சம்பாதித்துக்கொண்ட பெயர், யாரையும் குறை சொல்ல முடியாது. "கைபேசி, கைக்கடிகாரம், டார்ச் எதுவும் உள்ளே வரக் கூடாது. வந்தால் கூடவே ஆளும் வெளியே போக வேண்டியதுதான்" என்று இருட்டறைக் கதவில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியவன் அவன்தான். ஒளிரும் முள் வைத்த கடிகாரத்தோடு வந்துவிட்டாள் என்பதற்காக ஓர் ஆராய்ச்சி மாணவியைக் கதவருகே நிறுத்திவைத்துப் பாடம் எடுத்தவனும் அவன்தான். படபடவென்று பேசுவதால் அவளைக் குருவி என்பார்கள். அன்றைக்கு அந்தக் குருவியே வாயை மூடிக்கொண்டு கேட்டாள். இப்பேர்ப்பட்ட உத்தமன், தினமும் காலையில் அதே இருட்டறைக்குள் உட்கார்ந்து, வழுக்கைத் தலையில் முடி நடும் வீடியோக்களைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தான். கதை என்னவோ இவ்வளவுதான். ஆனால் இதில் அவன் மனைவிக்குக் கிடைக்க வேண்டிய வேலை பறிபோகப் பார்த்தது, அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் இருட்டு எதற்கு என்று தெரிய வேண்டும். நம் தோல், குடலின் உள்பக்கம், நுரையீரலின் உள்பக்கம் எல்லாமே செல்கள் தோளோடு தோள் ஒட்டி நின்று உண்டாக்கும் ஒரு விரிப்பு. எபிதீலியம் என்று படித்திருப்பீர்கள். அந்த விரிப்பு தட்டையாகவே கிடந்தால் உடம்பில் உறுப்பு என்று ஒன்று உருவாகாது. அது மடிய வேண்டும், குழாயாகச் சுருள வேண்டும், பையாக உப்ப வேண்டும். எப்போது பெருக வேண்டும், எப்போது உருவம் மாற வேண்டும் என்று செல்களுக்குச் சொல்லச் சில புரதங்கள் இருக்கின்றன. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும்வரை அவை நல்ல பிள்ளைகள். நிறுத்தாமல் இரவும் பகலும் கத்த ஆரம்பித்தால் புற்றுநோய்க்குக் கதவு திறந்துவிடும். அப்படி வாய் மூடத் தெரியாமல் போகும் புரதம் ஒன்றைத்தான் இந்த ஆய்வகத்தில் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

அந்தப் புரதத்தோடு, செடிகள் வெளிச்சத்தை அறிந்துகொள்ள வைத்திருக்கும் ஒரு துண்டை ஒட்டியிருந்தார்கள். நீல ஒளி பட்டால் புரதம் விழித்துக்கொள்ளும், இருட்டில் தூங்கும். சிவப்பு ஒளி அதை எழுப்பாது. அதனால்தான் இருட்டறையில் ஒரேயொரு சிவப்பு விளக்கு. புரதத்தை எழுப்பினால் செல் விரிப்பு மடியும் என்பது அவனுடைய கட்சி. கருவில் உறுப்புகள் உருவாகும்போதும், பிற்பாடு புற்றுநோயில் உருவம் கெடும்போதும் வேலை செய்வது ஒரே கைதான் என்று நிரூபித்துவிடலாம் என்று இரண்டு வருடமாக வாய் கிழியப் பேசிக்கொண்டிருந்தான்.

செல் விரிப்போ அவன் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. தட்டு முழுக்க நீல ஒளி காட்டினால் விரிப்பு முழுக்க ஒரே சீராகத் தடித்தது. மடிப்பு என்று சொல்ல ஒரு சுருக்கம்கூடக் கிடையாது. ஒளியைக் கூட்டினான், குறைத்தான், விட்டு விட்டுக் காட்டினான். மேலும் தடித்தது. "உங்க ரெண்டு வருஷ உழைப்புல செல்லு நல்லா சதை போட்டிருக்கு" என்றார் பேராசிரியர். அவர் நல்ல மனிதர். திட்டக்கூட மாட்டார், இப்படி ஏதாவது சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார். அது இன்னும் வலிக்கும்.

இந்த அழகில் புதிதாக ஒரு தலைவலி முளைத்தது. எந்த ஆராய்ச்சியிலும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று, ஒன்றுமே செய்யாமல் சில தட்டுகளை வைத்திருப்பார்கள். கன்ட்ரோல் என்று பெயர். இங்கே கன்ட்ரோல் என்றால் ஒளியே படாத தட்டுகள். இரண்டு வருடம் சமர்த்தாகத் தட்டையாகக் கிடந்த அந்தத் தட்டுகள், கடந்த சில வாரங்களாக மடிய ஆரம்பித்தன. ஒவ்வொன்றிலும் ஓரமாக, நேர்கோடு போட்ட மாதிரி ஓர் அழகான மடிப்பு. மடிய வேண்டியது மடியவில்லை, மடியக் கூடாதது மடிகிறது. பேராசிரியருக்கு இதற்கு ஒரே அர்த்தம்தான் தோன்றியது. எங்கேயோ வெளிச்சம் கசிகிறது.

கசிவதென்றால் எங்கே? இருட்டறையில் கசிய வழியில்லை, அங்கேதான் இருட்டண்ணன் காவல் இருக்கிறானே! மிச்சமிருந்தது நுண்ணோக்கி அறை. தட்டுகளை வரிசையாக வைத்து, சிவப்பு ஒளியில் மணிக்கணக்காகப் படம் பிடிக்கும் வேலை அங்கே நடக்கும். அந்த இயந்திரத்துக்குள் நீல விளக்கு ஒன்றும் உண்டு, தேவையில்லாதபோது தடுப்பு வைத்து மூடியிருப்பார்கள். அந்தத் தடுப்பு கசிகிறது என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். அந்த அறையைப் பார்த்துக்கொள்பவள் அவன் மனைவி.

இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். வீட்டில் நீ, வா, போதான். ஆய்வகத்தில் நாலு பேர் முன்னால் மட்டும் "அவர்" என்பாள், அதைச் சொல்லும்போது வாய் லேசாகக் கோணும். வேலையில் அவள் அவனைப் போல இல்லை. பேச மாட்டாள், செய்வாள். தடுப்பு கசிகிறது என்றதும் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டாள். கறுப்புத் துணி சுற்றினாள், அலுமினியத் தாள் சுற்றினாள், கறுப்பு டேப்பை இண்டு இடுக்கெல்லாம் ஒட்டினாள். ஒளி அளக்கும் கருவியை உள்ளே வைத்து அளந்தாள். பூஜ்யம் என்று காட்டியது. கருவிதான் கெட்டுவிட்டது என்று வேறு கருவி கடன் வாங்கி வந்தாள். அதுவும் பூஜ்யம்தான். ஆனால் தட்டுகள் மடிந்துகொண்டே இருந்தன. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் கரண்டியைப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கயோ ஒரு ஓட்டையை விட்டுட்டேன்" என்பாள். "கிடைக்கும் விடு" என்பான் நம்ம மகானுபாவன். அப்போது அவனுக்கும் உண்மை தெரியாது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இதற்கு நடுவில்தான் நுண்ணோக்கிப் பிரிவுக்கு நிரந்தரத் தலைவர் பதவி வந்தது. வருடா வருடம் நீட்டிப்புக்குக் கையேந்தும் வேலையிலிருந்து அவளுக்கு விடுதலை. விண்ணப்பம் போட்டாள், பட்டியலிலும் பெயர் வந்தது. மறுநாள் காலை நேர்முகம் என்கிற நிலையில், தன் இயந்திரத்தின் ஓட்டையையே கண்டுபிடிக்க முடியாதவள் எந்த முகத்தோடு போய் உட்காருவது என்று மறுகிக்கொண்டிருந்தாள்.

இப்போது முடி விஷயம். ஆய்வகத்தில் எடுத்த குழுப் படம் ஒன்றைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். மாடியிலிருந்து எடுத்த படம். அதில் பேராசிரியருக்குப் பக்கத்தில், உச்சந்தலையில் தட்டு வைத்தாற்போல வட்டமாகச் சொட்டை விழுந்த ஒருவர் நின்றார். யார் இந்தப் பெரியவர் என்று அவன் கிட்டப் போய்ப் பார்த்தான். சட்டை அவனுடையது. அன்றிலிருந்து பிடித்தது பைத்தியம். பின்னந்தலையிலிருந்து முடியை வேரோடு எடுத்து உச்சியில் நடுகிற வீடியோக்கள் ஆயிரம் கிடக்கின்றன, ஒவ்வொன்றாகப் பார்த்தான். வீட்டில் பார்க்க முடியாது, மனைவி தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பாள். மேசையில் பார்க்க முடியாது, குருவி பார்த்துவிட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். யாரும் சட்டென்று கதவைத் திறக்க முடியாத இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதற்குக் காவல்காரனும் அவனே. செல்களுக்குப் பழைய திரவத்தை எடுத்துவிட்டுப் புதுத் திரவம் ஊற்றும் நேரத்தில், கையுறை போட்ட விரலால் கைபேசியைத் தொட முடியாதே என்று பாட்டில்களுக்குப் பின்னால் அதைச் சாய்த்துவைத்து ஓட விட்டுவிடுவான். தான் ஒட்டிய அறிவிப்பு நினைவுக்கு வராமல் இல்லை. அது மற்றவர்களுக்கு. பல வருட அனுபவசாலி, திரையின் வெளிச்சத்தைக் குறைத்துத்தான் வைத்திருக்கிறோம், இதெல்லாம் ஒரு வெளிச்சமா என்று தனக்குத் தானே சப்பைக்கட்டு கட்டிக்கொள்வான். குருவியின் கடிகார முள்ளைவிட இது எத்தனை மடங்கு பிரகாசம் என்று கணக்குப் போட அந்த அனுபவசாலிக்குத் தோன்றவில்லை.

நேர்முகத்துக்கு முந்தைய நாள் காலை பத்து மணி வாக்கில் இருட்டறையில் உட்கார்ந்திருந்தான். வீடியோவில் ஒரு மருத்துவர் யாருடைய தலையையோ பளிச்சென்ற விளக்கின் கீழ் காட்டிக்கொண்டிருந்தார். திரை முழுக்க வெள்ளைவெளேரென்று ஒரு மண்டை. நீலமும் கலந்த அந்த வெள்ளை வெளிச்சம் இரண்டு பாட்டில்களுக்கு நடுவிலிருந்த சந்து வழியாக ஒரு கீற்றாக வந்து, கன்ட்ரோல் தட்டின் ஓரத்தில் விழுந்திருந்தது. தட்டைத் திருப்பித் திருப்பி வைத்துக் குழம்பாமல் இருக்க, ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் பேனாவால் ஒரு புள்ளி வைப்பது அவன் வழக்கம். புள்ளி எப்போதும் பாட்டில் பக்கம் பார்த்திருக்கும். கீற்று புள்ளிக்குப் பக்கத்தில் விழுந்திருந்தது. மடிப்புகளும் எப்போதும் புள்ளிக்குப் பக்கத்தில்தான் விழுந்துகொண்டிருந்தன.

அவன் கைபேசியை எடுத்துக் கவிழ்த்து வைத்தான். கீற்று போயிற்று. நிமிர்த்தினான், வந்தது. மறுபடி கவிழ்த்தான். வீடியோ பார்க்க ஆரம்பித்தது எப்போது, தட்டுகள் மடிய ஆரம்பித்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தான். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, இரண்டும் அந்தப் படம் மாட்டிய வாரம்.

ஒழுங்கான மனிதன் என்ன செய்வான்? கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு நேரே நுண்ணோக்கி அறைக்கு ஓடி, "உன் இயந்திரத்துல ஓட்டையே இல்ல, ஓட்டை நான்தான்" என்று சொல்வான். நம்மவன் கைகழுவும் தொட்டிக்கு முன்னால் நின்று கையைக் கழுவினான். ரொம்ப நேரம் கழுவினான். சொன்னால் என்ன பார்த்தாய் என்று கேட்பார்களே! வேறு ஏதாவது பார்த்ததாகச் சொல்லலாம். செய்தி? செய்தி பார்க்க இருட்டறை எதற்கு? பாட்டு? ஆபீஸ் மெயில்? எதைச் சொன்னாலும் அறிவிப்பு ஒட்டியவனே மீறினான் என்பது மாறாது. அவனுக்கும் அடுத்த மாதம் நீட்டிப்பு வர வேண்டியிருந்தது. வெளிச்சத்தை விட்டவர் யாராக இருந்தாலும் இந்த வேலையில் இனிமேல் இருக்க மாட்டார் என்று பேராசிரியர் போன வாரம்தான் சொல்லியிருந்தார், அதையும் தேநீருக்குப் போகாமல் நின்று சொல்லியிருந்தார். சாயங்காலம் நிதானமாக வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தான். நிதானம் என்று பெயர் வைத்தால் கோழைத்தனம்கூடக் கொஞ்சம் கௌரவமாகத்தான் தெரிகிறது.

மத்தியானம் இருவரும் கேன்டீனில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார்கள். அவள் சாப்பிடவில்லை.

"நாளைக்குப் போகணுமான்னு இருக்கு" என்றாள்.

"எங்க?"

"இன்டர்வியூவுக்குத்தான். என் மெஷின்ல எங்க லீக்குன்னே எனக்குத் தெரியல. நான் போய் அத்தனை மெஷினுக்கும் தலைவரா உட்காரணுமா?"

அவன் வாயில் சாப்பாடு இருந்தது. அதை மென்றான். மென்று முடித்த பிறகும் மென்றான்.

"சும்மா கண்டதையும் யோசிக்காத. போய்ட்டு வா. எல்லாம் சரியாயிடும்."

"எப்படி சரியாகும்?"

"ஆகும். நீ சாப்பிடு முதல்ல."

அவள் டப்பாவை மூடினாள். "மேல ஒரு வேலை இருக்கு. மீட்டிங்ல பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அவன் தன்னுடையதை முடித்துவிட்டு, வீணாகப் போகிறதே என்று அவள் டப்பாவையும் திறந்து சாப்பிட்டான். இதை அவன் பிற்பாடு நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும்.

மூன்று மணிக்குக் கூட்டம். பேராசிரியர் மேசைத் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அவர் தலையில் ஒரு முடி கிடையாது. மொழுமொழுவென்று குழல்விளக்கைப் பிரதிபலித்துக்கொண்டிருந்த அந்தத் தலையை அவன் அன்றைக்குப் பார்க்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டான். குருவி திரையில் கன்ட்ரோல் தட்டுகளின் படங்களைப் போட்டுக் காட்டினாள். மடிப்பு, மடிப்பு, மடிப்பு. எல்லாம் புள்ளிக்குப் பக்கத்தில். இவ்வளவு பெரிதாகத் திரையில் போட்டும் ஒருவர் கண்ணிலும் புள்ளி படவில்லை, ஏனென்றால் புள்ளி வைக்கும் வழக்கம் அவனுக்கு மட்டும்தான்.

"சார், நான் ஒண்ணு சொல்லணும்" என்று அவன் மனைவி எழுந்தாள். "லீக் என் மெஷின்லதான். எங்கன்னு கண்டுபிடிக்க முடியல. ஆனா வேற இடமே இல்ல. இதுக்கு நான்தான் பொறுப்பு. அவரோட டிஷ்ல எந்தத் தப்பும் இல்ல, அவருக்கு நீட்டிப்பு குடுக்கறப்ப இதைக் கணக்குல எடுத்துக்காதீங்க."

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. "அவர்" என்றபோது வாய் கோணவும் இல்லை. பேராசிரியர் பெருமூச்சு விட்டார். "சரிம்மா. எழுதிக் குடுத்துடுங்க. அந்த டிஷ் எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடலாம்" என்று சொல்லிவிட்டு, வெள்ளைப் பலகையில் கன்ட்ரோல் என்று எழுதிக் குறுக்கே கோடு போடப் போனார்.

எழுந்திரு என்று அவனே அவனை மனதுக்குள் விரட்டினான். கால் எழுந்திருக்கவில்லை. பேராசிரியர் மூடி திறந்த பேனா எழுதவில்லை, வேறு பேனா தேடினார். உலகத்தில் எவனுக்கும் இவ்வளவு அவகாசம் கிடைத்திருக்காது. இரண்டாவது பேனாவைக் குருவி எடுத்துக் கொடுத்த பிறகுதான் நம்மவன் எழுந்தான், எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது.

"சார், மெஷின்ல லீக் இல்ல. நான்தான். இருட்டறையில போன் வெச்சிருந்தேன்."

குருவியின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது.

"போனா?" என்றார் பேராசிரியர். "நீங்களா? இருட்டறையிலயா?"

"ஆமா சார். தினமும்."

"போன்ல அப்படி என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"வீடியோ சார்."

"என்ன வீடியோ?"

இனி பூசி மெழுக ஒன்றுமில்லை. "முடி நடறது சார். வழுக்கைத் தலையில."

பேராசிரியரின் கை தன்னிச்சையாகப் போய்த் தன் தலையைத் தடவியது. குருவி மேசைக்கடியில் எதையோ தேடுகிறவள் போலக் குனிந்துகொண்டாள், முதுகு மட்டும் குலுங்கியது. அவன் மனைவி அவனையே பார்த்தாள். சிரிக்கவில்லை, கோபமும் தெரியவில்லை, ஏதோ கணக்குப் போடுகிற முகம். மற்ற எல்லார் பார்வையையும் அவனால் தாங்க முடிந்தது.

"எந்தப் பக்கம் வெச்சீங்க?" என்று கேட்டார் பேராசிரியர். குரல் மாறியிருந்தது. "எவ்ளோ தூரத்துல? முழு டிஷ்லயும் விழுந்துச்சா, ஒரு பக்கமா?"

"ஒரு கீத்து சார். ரெண்டு பாட்டிலுக்கு நடுவுல."

பேராசிரியர் பேனாவை வைத்துவிட்டுத் திரையிலிருந்த மடிப்பைப் பார்த்தார். குருவிதான் முதலில் கத்தினாள். "சார்! ஒரு கோடு மட்டும்! பக்கத்துல இருக்கற செல்லெல்லாம் தூங்கிட்டிருக்கு, நடுவுல ஒரு கோடு மட்டும் முழிச்சிருக்கு! அதான் மடிஞ்சிருக்கு! நம்ம எல்லாத்தையும் எழுப்பிவிட்டுட்டு மடி மடின்னா எப்படி மடியும்?"

உண்மைதான். படுக்கை விரிப்பை நாலு பக்கமும் ஒரே மாதிரி இழுத்தால் எங்கே சுருக்கம் விழும்? சும்மா கிடக்கிற இரண்டு பக்கத்துக்கு நடுவே ஒரு கோட்டை மட்டும் தூண்டிவிட்டால், அந்தக் கோடு போவதற்கு இடமில்லாமல் மடிந்துதான் ஆக வேண்டும். புரதம் மட்டும் தனியாக உருவத்தைச் செதுக்குவதில்லை. பக்கத்தில் அமைதியாக இருப்பவர்களையும் வைத்துத்தான் மடிப்பு விழுகிறது. இரண்டு வருடமாக அவன் எதைத் தேடி முட்டி மோதினானோ, அது அவன் குப்பையில் போட்டுக்கொண்டிருந்த தட்டுகளில் இருந்தது. கண்டுபிடித்தது அவன் மூளையல்ல, அவன் சொட்டை. ஒரு தடவை தவறிப்போய் நடந்ததை வைத்து எதையும் சொல்ல முடியாதுதான், ஒழுங்கான விளக்கை வைத்து மறுபடி மறுபடி செய்து பார்க்க வேண்டும். ஆனாலும் பேராசிரியர் தாங்க முடியாமல் எல்லோரையும் இருட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். "எந்த வீடியோ? அதையே போடுங்க. வெளிச்சம் அதே அளவு வைங்க" என்றார். படித்த பெரிய மனிதர்கள் சிவப்பு விளக்கின் கீழ் நெருக்கியடித்துக்கொண்டு நின்று, எவனுடைய மண்டையிலோ முடி நடுவதைப் பார்த்தார்கள். குருவி அளவுகோலை வைத்துத் தூரம் அளந்தாள். "சார், இதை ஆய்வுக் கட்டுரையில எப்படி எழுதறது?" என்று கேட்டாள். "வெள்ளை ஒளி மூலம்னு எழுதும்மா" என்றார் பேராசிரியர். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். இவ்வளவு லேசாக முடியும் என்று தெரிந்திருந்தால் பத்து மணிக்கே சொல்லித் தொலைத்திருக்கலாம் என்றுகூட நினைத்தான்.

திரும்பிப் பார்த்தால் மனைவியைக் காணோம்.

மாடிப்படியில் அவளைப் பிடித்தான். "எங்க போற? கேட்டியா சார் சொன்னதை? நீட்டிப்பு பத்தி எழுதறேன்னுட்டாரு! உன் மெஷின்ல ஒரு குறையும் இல்ல, ஆனானப்பட்ட மெஷினு!"

"டைரக்டர் ரூமுக்குப் போறேன்" என்றாள்.

"எதுக்கு?"

"மத்தியானம் வேலை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன். இன்டர்வியூவுக்கு வரலன்னு."

மேலே ஒரு வேலை இருக்கிறது என்று அவள் டப்பாவை மூடியது இதற்குத்தான். அப்போது அவன் அவள் டப்பாவையும் காலி செய்துகொண்டிருந்தான்.

"நானும் வரேன். நானே சொல்றேன்."

"வா" என்றாள். வேண்டாம் என்பாள் என்று கொஞ்சம் எதிர்பார்த்திருந்தான்.

இயக்குநர் கண்டிப்பான அம்மாள். யாரையும் உட்காரச் சொல்ல மாட்டார். அவன் நின்றபடி முழுக் கதையையும் இரண்டாவது தடவை சொன்னான். கூட்டத்தில் சொன்னதைவிட இங்கே கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் இங்கே மடிப்பைப் பற்றி யாருக்கும் அக்கறையில்லை, முடி மட்டும்தான் மிச்சம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அதுல நிஜமாவே முடி வளருதா?"

"வளருதாம் மேடம். மாசக்கணக்குல ஆகுமாம்."

"ம்" என்றவர், மேசையிலிருந்த கடிதத்தை எடுத்தார். அவளைப் பார்த்து, "வேலை வேணும்னு மூணு பக்கம் எழுதியிருந்தீங்க. வேண்டாம்னு ரெண்டே வரி. எதை நான் நம்பணும்?" என்று கேட்டார்.

"மூணு பக்கத்தை மேடம்."

அவர் கடிதத்தைக் கிழித்துக் கூடையில் போட்டார். "தேர்வுக் குழுவுக்கு அஞ்சு மணிக்கு அனுப்பறதா இருந்தேன். போயிருந்தா திரும்ப எடுக்க முடியாது. நாளைக்கு நேரத்துக்கு வந்துடுங்க."

சுவர்க் கடிகாரத்தில் மணி நாலே முக்கால் தாண்டியிருந்தது. வெளியே வந்ததும் அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டான். "பாத்தியா, நல்லவேளை! நான் சொன்னேன்ல, எல்லாம் சரியாயிடும்னு" என்றான். அந்த வாயை அப்போதாவது மூடியிருக்கலாம்.

அவள் படியில் நின்றாள். "உனக்கு எப்ப தெரியும்?"

"எது?"

"போன்தான் காரணம்னு."

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தான். யோசித்தது அவளுக்குத் தெரிந்துவிட்டது. "காலையில" என்றான்.

"சாப்பிடறப்ப தெரியும்."

"தெரியும்."

"நான் எந்திரிச்சு என் தப்புன்னு சொன்னப்பவும் தெரியும். அவரு பேனா தேடினாரே, அவ்ளோ நேரமும் தெரியும்."

அவனிடம் எதற்கும் ஒரு வேடிக்கைப் பேச்சு இருக்கும். சொட்டையைப் பற்றி ஒன்று, இருட்டைப் பற்றி ஒன்று என்று தயாராகவே வைத்திருப்பான். இப்போது ஒன்றும் வரவில்லை. தன்னைத் தானே கேலி செய்துகொள்கிறவனை ஊரில் யாரும் அதற்கு மேல் திட்ட மாட்டார்கள், இத்தனை வருடமாக அப்படித்தான் அவன் தப்பித்து வந்திருந்தான். இவள் ஊர் இல்லை.

"சிரிப்பாங்கன்னு பயந்துட்டேன்" என்றான்.

"உனக்கு சொட்டைன்னு எனக்கு ரெண்டு வருஷமா தெரியும். தினமும் உனக்குப் பின்னாலதான படி ஏறி வரேன்" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "நான் சாப்பிடாம எதிர்ல உட்கார்ந்திருந்தா, நீ வாயைத் திறக்காம மெல்லுவேன்னுதான் எனக்குத் தெரியாது."

சொல்லிவிட்டு நாளைய நேர்முகத்துக்குத் தயார் செய்ய நுண்ணோக்கி அறைக்குப் போனாள். அவன் கைப்பிடியைப் பிடித்தபடி படியிலேயே நின்றான். கீழே குருவி அவனைத் தேடிக் கூப்பிடுவது கேட்டது. பேராசிரியர் வீடியோவை இன்னொரு தடவை போடச் சொல்கிறாராம்.